கிணற்றில் இறங்கியவள்

ரிங்லெட் தேயிலைத் தோட்டம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு உன் வீட்டுக்காரன் இருளப்பன் எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் சுகம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கொழுந்து வெட்டும் மெஷினுக்கு மறுபக்கம் பிடிக்கிற காளிமுத்து பார்த்துவிட்டான். கண்ணில் உரத்தூள் விழுந்தது என்றேன். உரம் போட்டே ஒரு மாசம் ஆச்சே மாமா, சும்மா சொல்லாதீங்க லா என்றான். சட்டைக்குள் இருந்த புத்தகத்தையும் இழுத்துப் போட்டு, லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டான்.

நீ ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாதியில் கொண்டை ஊசியைச் சொருகிவிட்டுப் போன அந்தத் தலையணைப் புத்தகம்தான். மீதியைப் படித்துச் சொல் என்று குரல் வராமல் எழுதிக் காட்டினாயே, மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு இது தண்டனை. விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் போனேன். இந்தக் காலத்து டீச்சர் ஒருத்தி கிணற்றில் விழுந்து, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கடாரத்தில் கரையேறுகிறாள். அடையாள அட்டை, ஐசி எங்கே என்று ஒருத்தனும் கேட்கவில்லை. அதை மட்டும்தான் என்னால் நம்ப முடியவில்லை.

வீடு திரும்ப அவள் அதே கிணற்றில் மறுபடி இறங்க வேண்டும். கண்ணை மூடினால் எங்கே விழிப்பாள், விழிப்பாளா என்று யாருக்கும் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அங்கேதான் அழுதேன். அதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை.

உன் பக்கத்தில் இருந்து நம் புனிதா போன் செய்தாள். தொண்டைக் கட்டியை வியாழக்கிழமை எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் மூச்சை அடைத்துவிடும் என்று டாக்டர் சொல்கிறாராம். நீயோ, அந்தப் பெண் திரும்பி வந்தாளா என்று தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிக் காட்டுகிறாயாம். நர்ஸ் சிரித்தாளாம். நம் மகள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அந்த டீச்சர் வந்துவிட்டாள் என்று போனிலேயே சொல்லியிருப்பேன். நீ நம்ப வேண்டுமே! பெண் பார்க்க வந்தபோது, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை என்று சொன்னவன் ஆயிற்றே நான். அதோடு, நீ திருப்பித் திட்டாத போனில் எனக்குப் பேச்சே வரவில்லை. மறுபக்கம் ஆளில்லாமல் மெஷின் பிடிப்பதுபோல் இருக்கிறது.

அதனால் கடைசிப் பக்கத்தை நான் படிக்காமலே கிழித்து இதோடு வைக்கிறேன். ஈப்போவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போகிற சுகுமாரன் லோரியில் வந்து சேரும். நீயே பார்த்துக்கொள்.

அவள் வராமல் போயிருந்தால்? புத்தகம் எப்படி முடிந்தாலும் நீ கையெழுத்துப் போடு ரஞ்சிதம். தோட்டத்துத் துரையிடம் லீவு சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை உன்னை உள்ளே கொண்டுபோகும்போது கதவுக்கு வெளியே நிற்பேன். கண் விழித்ததும் முதலில் என்னைத் திட்டு. சத்தம் வராவிட்டால் கையால் திட்டு. அம்மன் உனக்குத் துணையிருப்பாள்.

உன்
இருளப்பன்

பி.கு.: கிழிக்கும்போது புத்தகம் கைநழுவி ரசத்தில் விழுந்துவிட்டது. கடைசிப் பக்கங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டன. என் தடித்த விரலுக்குப் பிரிய மாட்டேன் என்கின்றன. அதனால் இந்தக் கடிதத்தோடு எந்தப் பக்கமும் வரவில்லை. நீ வந்து பிரிப்பாய் என்று அடுப்புக்கு மேல் காயப் போட்டிருக்கிறேன். ரசம் நன்றாகத்தான் இருந்தது.