தோடம்பழ வாசம் போட்ட மீனெண்ணெய்

இன்று காலை மகள் கட்டாரிலிருந்து அனுப்பிய பார்சல் வந்தது. உள்ளே பெரிய போத்தல் நிறைய மீனெண்ணெய் மாத்திரை. என் முழங்கால் வலிக்கு நல்லதாம். விழுங்குவதற்கு முன் ஒன்றை ஊசியால் குத்தி, உள்ளங்கையில் பிதுக்கி, மூக்கருகே கொண்டு போனேன். ஈர வலையின் மெல்லிய மணம். கசப்பில்லை, காறலில்லை. நல்ல எண்ணெய்தான். "எப்பிடி இரிக்கி புள்ள?" என்று நீங்கள் பக்கத்தில் நின்று கேட்பது போலிருந்தது. உங்களுக்குப் பதில் சொல்லாமல் அந்த மாத்திரையை விழுங்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு மணம் தெரியாது என்பது கலியாணமாகிச் சில மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அடுப்பில் பால் கருகிப் புகைந்துகொண்டிருக்க, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஓடி வந்து பாத்திரத்தை இறக்கிவிட்டு உங்களைப் பார்த்தேன். முகம் சுருங்கிப் போனது உங்களுக்கு.

"சின்னதில ஒரு கடும் காய்ச்சல் வந்த. அதோட போயிட்டு. ஒருத்தருக்கும் சொல்லிராத புள்ள. மருந்துக் கடக்காரனுக்கு மூக்கில்ல எண்டா கடைக்கு ஆரு வருவாங்க?"

அன்றிலிருந்து கடைக்கு வரும் தைலம், எண்ணெய் எல்லாம் சைக்கிளில் தொங்கும் பையில் கல்முனைக் கடைத்தெருவிலிருந்து சாய்ந்தமருதுக்கு, என் அடுப்படிக்கு வரத் தொடங்கின. நான் மணந்து பார்த்துச் சொல்வேன். மீனெண்ணெய் எனக்குப் புதிதல்ல. என் மாமா சுறா ஈரலை எங்கள் வளவிலேயே காய்ச்சினவர். புது எண்ணெய் எப்படி மணக்கும், வெயிலில் கிடந்தது எப்படிக் காறும் என்று நான் நடக்கப் பழகும் முன்பே என் மூக்குக்குத் தெரியும்.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம். ஊரில் தென்னைகள் விழுந்து, வேலைவெட்டி இல்லாமல், பிள்ளைகள் மெலிந்து போயிருந்தார்கள். மீனெண்ணெய் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் தாய்மாருக்குச் சொல்லியனுப்பினார்கள். நீங்கள் கையிலிருந்ததையெல்லாம் போட்டு, கொழும்பு வியாபாரி ஒருவரிடம் பெட்டி பெட்டியாக வாங்கினீர்கள். பிள்ளைகள் விரும்பிக் குடிக்க வேண்டுமென்று ஆரஞ்சுத் தோடம்பழ வாசம் போட்ட எண்ணெய். கடையில் போத்தலைத் திறந்து பார்த்தவர்களெல்லாம் நல்ல மணம் என்றார்களாம். அந்த மகிழ்ச்சியில், இந்த முறை என்னிடம் மணக்கத் தராமலே, ஒரு போத்தலை நம் மகளுக்கென்று கொண்டு வந்தீர்கள்.

அவள் ஒரு கரண்டி குடித்தாள், குடித்ததையெல்லாம் கக்கினாள். "விளையாடுறாள்" என்று இன்னொரு கரண்டி ஊற்றப் போனீர்கள். நான் கரண்டியை வாங்கி நாக்கில் ஒரு துளி விட்டேன். முதலில் தோடம்பழம்தான். பிறகு தொண்டையில் போய்க் காறியது. கையில் தேய்த்து ஆறவிட்டு மணந்தேன். தோடம்பழம் பறந்து போய், பழைய பெயின்ற் வாளியின் மணம் மட்டும் மிஞ்சியிருந்தது.

"இது கெட்டது" என்றேன். வேறு வேறு பெட்டியிலிருந்து போத்தல் எடுத்து வரச் சொன்னேன். கொண்டு வந்தீர்கள். எல்லாம் ஒன்றேதான். அன்று நீங்கள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தீர்கள், வாயில் வைக்கவில்லை.

அடுத்த முறை அந்த வியாபாரி ஊருக்கு வந்தபோது வீட்டுக்கே அழைத்து வந்தீர்கள். கடைத்தெருக்காரர் இரண்டு பேரும் கூட வந்தார்கள். நான் உள்ளறையில், கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"நானா, போத்தல் சீல் உடையல்ல, திகதி இன்னும் இரிக்கி, மணத்தப் பாருங்க, என்ன குறை?" என்றார் வியாபாரி.

"என்ட வீட்டுக்காரி மணந்து பாத்த. கெட்டுப் போயிட்டு எண்டு சொன்னா."

அவர் சிரித்தார். "பொம்புளைகள்ட கதைய விடுங்க. நீங்க மருந்து விக்கிறவர். நீங்க மணந்து பாத்தீங்களா?"

'ஓம், நானும் பார்த்தேன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், கதை அதோடு முடியும். நீங்கள் போத்தலைக் கீழே வைத்தீர்கள்.

"எனக்கு மணம் தெரியாது. சின்னதில போன மூக்கு. இத்தின வருஷமா என்ட கடைச் சாமான அவதான் பாத்துத் தாறா. அவட சொல் பிழைச்சதில்ல."

கடைத்தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது சீலை வழியே தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் எப்படியோ குரல் வந்தது. "ஒரு பீரிசுத் தட்டில ஊத்தி ஜன்னலடியில வைங்க. தேத்தண்ணி குடிச்சி முடிச்சிட்டு மணந்து பாருங்க" என்றேன். வெளி ஆண்கள் கேட்க நான் பேசியது அதுதான் முதல் தடவை.

தேத்தண்ணி முடிந்தது. வியாபாரி பீரிசை எடுத்து மணந்தார். பிறகு சிரிக்கவில்லை. ஆனாலும் பெட்டிகளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் அவற்றை விற்கவில்லை. கரைவலைக்காரருக்குத் தோணிப் பலகைக்குப் பூசக் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பெருநாளைக்கு உங்களுக்குப் புதுச் சாரன் இல்லை.

அவர்கள் போன பிறகு உங்களிடம் கேட்டேன்: "ஏன் அதச் சொன்னீங்க? இனி கடைத்தெரு முழுக்கச் சிரிக்குமே."

"சிரிக்கட்டும். உன்ட சொல்லப் பொய்யாக்கித்தானா என்ட மூக்கக் காப்பாத்தணும்?" என்றீர்கள். சொல்லிவிட்டு ளுஹர் தொழப் போய்விட்டீர்கள்.

சிரிக்கத்தான் செய்தார்கள். கருவாட்டை உங்கள் மூக்கில் பிடித்து 'அத்தரா, கருவாடா' என்று கேட்டார்களாம். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்களாம். கொஞ்ச நாளில் கதை மாறியது. மருதமுனையிலிருந்தும் பெண்கள் வந்து, "உங்கட வீட்டு ராத்தா மணந்து பாத்த போத்தலாத் தாங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். பிறகு சண்டையால் பாதைகள் அடைபட்ட வருஷங்களில், லொறி நாள்கணக்கில் வழியில் நின்று வெயில் குடித்து வந்த பெட்டிகள் எத்தனையை நான் வேண்டாமென்றிருக்கிறேன். ஒரு முறையாவது நீங்கள் என்னிடம் 'நிச்சயமா?' என்று கேட்டதில்லை. அப்படிக் கேட்காமல் இருந்தது எவ்வளவு பெரிய கொடை என்று, மற்றப் பெண்கள் தங்கள் வீட்டுக் கதைகளைச் சொல்லக் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன்.

நீங்கள் மௌத்தாகி அடக்கமான பிறகு கடையை விட்டுவிட்டோம். போன மாதம் பேத்திக்கு ஒரு சம்மந்தம் பேசி வந்தார்கள். சபை நிறைய ஆண்கள். மாப்பிள்ளை வீட்டார், அவளுடைய படிப்பைப் பாதியில் நிறுத்த வேண்டுமென்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. "அது சரிவராது" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் நடுங்கவில்லை.

அந்தக் குரல் என்னிடம் இருக்கிறதென்று நாலு பேர் முன்னால் முதலில் சாட்சி சொன்னவர் நீங்கள். அல்லாஹ் உங்களைப் பொருந்திக்கொள்ளட்டும்.