அத்தைமாரும் நீலச் சுவரும்

கெட்டில்விக்
அக்டோபர் கடைசி ஞாயிறு, 1986

அன்பு மகள் ஜூடித்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உன் தம்பி காலினும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. போன வியாழக்கிழமை மத்தியானம், இந்த வரியை இனி எழுத முடியுமா என்று நடுங்கிக்கொண்டு நின்றவள் நான். நீயும் ரஸ்ஸலும் அங்கே ஆஸ்திரேலியாக் கோடியில் ஹோபார்ட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்ப ஆசைப்படுகிறேன். ஆசைப்படுகிறேன் என்றுதான் எழுத வருகிறது, ஏனென்றால் உன் கடைசிக் கடிதம் இரண்டு பக்கமும் மழை, காற்று, மலைமேல் பனி, அவ்வளவுதான். உன் வீட்டுக்காரர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அதற்கு முந்தின கடிதத்திலும் இல்லை. அலமாரியில் வைப்பதும் எடுத்துப் படிப்பதுமாக இருக்கிறேன். அந்தப் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன், முதலில் வியாழக்கிழமை.

பெஸ்ஸி ஹார்லண்ட் காலமானதும் அவள் வீட்டை லீட்ஸ் நகரத்துக்காரர்கள் வாங்கியதும் உனக்குத் தெரியும். பென்ஃபோல்ட் என்று பெயர், புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், விடுமுறைக்கு மட்டும் வருவார்கள். நல்ல மனிதர்கள்தான், அவள் அந்தக் குதிகால் செருப்போடு சிற்றாலயத்துச் செங்குத்துப் படிக்கட்டில் இறங்குவதைப் பார்த்தால் எனக்குத்தான் பகீர் என்கிறது. மே மாதம் வந்து வீட்டுக்குப் புது வண்ணம் அடித்தார்கள், கடலைப் பார்த்த பக்கச் சுவருக்கும் சேர்த்து. நீலம். சாம்பல் கலந்த நீலம், நம் கடல் மழைநாளில் என்ன நிறமோ அச்சு அசல் அதே நிறம். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ஊரே கூடி அடித்த சுண்ணாம்பின் மேலேயே பூசிவிட்டார்கள். நீ சின்னவளாக அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்று மூக்கெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவாயே, அதே சுவர்.

அப்பா உங்கள் இருவருக்கும் நடக்கப் பழகும்போதே சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கும். கடலிலிருந்து பார்க்கும்போது தேவாலயக் கோபுரத்துக்கு நேர் கீழே வெள்ளைச் சுவர் வந்து நின்றால் படகு துறைமுக வாசலுக்கு நேராக இருக்கிறது, சுவர் கொஞ்சம் விலகினாலும் அத்தைமார் மடியில்தான். துறைமுக வாசலில் நிற்கும் அந்த மூன்று பாறைகளுக்கு அத்தைமார் என்று யார் பெயர் வைத்தார்களோ, கூப்பிடாமலே மடியில் இழுத்து உட்காரவைக்கிற சாதிதான். என் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒரே சாயங்காலம் நாலு படகு அங்கே உடைந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் யார் குடியிருந்தாலும் அந்தச் சுவர் வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. எங்கும் எழுதி வைக்கவில்லை. விற்ற வக்கீலுக்கும் தெரியாது, வாங்கினவர்களுக்கும் தெரியாது. தெரிந்த நாங்கள் என்ன செய்தோம் என்று கேள்.

பக்கத்து வீட்டு டோரா இஞ்சி கேக் செய்து எடுத்துக்கொண்டு போனாள், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று சபதம் போட்டுவிட்டு. திரும்பி வந்து, "காத்து ஜாஸ்தியா இருக்குன்னு பேசிட்டிருந்தோம், சொல்ல வாய் வரலடி" என்றாள். பாதிரியார் போய் ரோஜாச் செடிகளைப் புகழ்ந்துவிட்டு வந்தார். நான் நண்டு கொண்டுபோனேன். அந்த வீட்டம்மா ஜில் பென்ஃபோல்ட் என் முகத்தைப் பார்த்து நேராகவே கேட்டாள், "சுவர் கலர் எப்படி இருக்கு, உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று. உன் அம்மா என்ன சொன்னாள்? "ரொம்ப அழகா இருக்கு" என்றாள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஊரே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கோடை முழுக்க ஓட்டினோம். அப்பாவிடம் சொன்னால், "அவங்க வீடு, அவங்க இஷ்டம். நான் கண்ணை மூடிக்கிட்டே வருவேன், நீ உன் வேலையைப் பாரு" என்பார். கோடையில் வெளிச்சம் இருந்தது, படகுக்காரர்கள் கூரையை வைத்தும் புகைபோக்கியை வைத்தும் சமாளித்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காற்று வடகிழக்குக்குத் திரும்பியது. அப்பாவும் காலினும் கடலில் போட்டிருந்த நண்டுக்கூடுகளைத் தூக்கப் போயிருந்தார்கள். மழை மூட்டம் இறங்கி, கோபுரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. படகுத்துறையில் நின்று திரும்பிப் பார்த்தேன், பெஸ்ஸி வீட்டுச் சுவரைக் காணோம். வானம் எது சுவர் எது என்று தெரியவில்லை. கடலில் இருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? எப்படி அந்தப் படிக்கட்டு ஏறினேன் என்று தெரியாது. விடுமுறை வாரம், கடவுள் புண்ணியத்தில் அவர்கள் வீட்டில் இருந்தார்கள். கதவு திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை, "உங்க சுவர் இப்பவே வெள்ளையாகணும், என் வீட்டுக்காரரும் பையனும் வெளிய இருக்காங்க" என்று கத்தினேன். அந்தப் பெண் ஏன் எதற்கு என்று கேட்கவே இல்லை. கட்டிலில் விரித்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளை அப்படியே உருவிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் அவற்றை முடிச்சுப் போட்டு மாடி ஜன்னலிலிருந்து தொங்கவிட, காற்று தூக்கியடிக்காமல் கீழ்முனைகளை நானும் அவளும் தொங்கிப் பிடித்தோம்.

ஜூடித், அப்படிப் பிடித்தால் முகம் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். கடல் முதுகுக்குப் பின்னால். படகு வருகிறதா உடைகிறதா என்று என்னால் பார்க்க முடியவில்லை, விட்டுவிட்டுத் திரும்பவும் முடியவில்லை. மேலே இருந்து அந்த மனிதர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "சிவப்புப் படகு ஒண்ணு தெரியுது... பாறைப் பக்கமா போகுது... ஐயோ, நேரா போகுதே..." சிவப்பு என்றால் நம் படகுதான். நான் ஈரத்துணியில் முகத்தை வைத்து அழுதேன். பிறகு, "திரும்பிடுச்சு! அம்மா, திரும்பிடுச்சு, நடுவால வந்துட்டாங்க" என்று கத்தினார்.

அப்பா கரை ஏறியதும் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "சுவரு கசங்கியிருந்துச்சே மார்ஜரி, இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருக்கலாம்." காலின் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் ஈரக் காலணியோடே இருந்தார், நான்தான் கயிறை அவிழ்த்துவிட்டேன். சாயங்காலம் ஜில் வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. "ஆறு மாசமா எங்க வீட்டுக்குக் கேக்கும் நண்டுமா கொண்டு வந்தீங்க, ஒரு வார்த்தை கொண்டு வரலையே! சொல்லியிருந்தா மறுநாளே அடிச்சிருப்போமே" என்றாள். ஈர விரிப்புகளை நானே துவைத்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். நேற்று மழை விட்ட நேரம் பார்த்து ஊரே சேர்ந்து சுண்ணாம்பு அடித்தது. பென்ஃபோல்ட் ஏணியில், அப்பா கீழே பிடித்துக்கொண்டார்.

இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை, படகை நினைத்து அல்ல, உன்னை நினைத்து. நீயும் இந்த ஊர்ப் பெண்தானே. வாயில் வரவேண்டியது வராமல் வானிலையைப் பேசுகிற சாதி. போன தடவை எனக்குச் சந்தேகம் தட்டியும், நான் உனக்கு என்ன எழுதினேன்? அங்கே குளிர் எப்படி என்று எழுதினேன். ஆகையால் இப்போது வணக்கம் சொல்லாமல் கதவைத் தட்டுகிறேன். ரஸ்ஸல் உன்னிடம் எப்படி நடந்துகொள்கிறார்? உன்னை அழவைக்கிறாரா? வீட்டில்தான் இருக்கிறாரா? நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? நான் தப்பாக நினைத்திருந்தால் என்னைத் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். சரியாக நினைத்திருந்தால் ஒரு வரி போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதே, இந்த ஊர் ஒன்றும் சொல்லாது, அதுதான் உனக்குத் தெரியுமே. உன் அறையில் காலினின் வலைகள்தான் கிடக்கின்றன, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம்.

ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாற்றட்டும். உனக்கு நம் ஊர்ப் பின்னலில் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன், கை நீளம் அளந்து அனுப்பு, மறக்காதே. உன் பதிலில் மழையைப் பற்றி ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்
உன் அம்மா,
மார்ஜரி

பி.கு.: அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவருக்கு இதற்கெல்லாம் பேச வராது, உனக்குத் தெரியும். "சுவரு காஞ்சிடுச்சு, தூரத்துலேர்ந்தே தெரியுதுன்னு பிள்ளைக்கு எழுது" என்கிறார்.