முட்டைக் கதையும் ஜோசப்பின் குரலும்

ஜனவரி 24, சனி

காலையில் பனி. இடது முட்டியில் வலி. வானிலை அறிக்கை அதுதான். பெருங்களத்தூரில் பஸ் நகரவேயில்லை. டியூட்டிக்குத் தாமதம். ராணுவத்தில் ஹவில்தார், இங்கே அபார்ட்மென்ட் செக்யூரிட்டி சூப்பர்வைசர். அப்போது எல்லை, இப்போது கார் பார்க்கிங். சண்டை இங்கேதான் அதிகம்.

சங்கச் செயலாளர் வந்தார். "குடியரசு தினத்துக்கு வழக்கம்போல உங்க முட்டைக் கதை சார். பசங்க கேக்கறாங்க." பிறகு காதருகே, "மிலிட்டரி கேன்டீன்ல ரம் வந்துடுச்சா?" தேசபக்தி.

மதியம் புதுக் குடித்தனக்காரப் பெண் ஜெனிபர் பார்சல் வாங்க வந்தாள். செக்யூரிட்டி அறைச் சுவரில் எங்கள் பிளாட்டூன் போட்டோ. பார்த்தவள் நகரவில்லை.

"அங்கிள், மூணாவதா நிக்கறது எங்கப்பா."

என் முட்டைக் கதையில் வருகிற ஜோசப்பின் மகள். அவன் இறந்தபோது தாய் வயிற்றில் இருந்தவள்.

ஜனவரி 25, ஞாயிறு

மாலை ஜெனிபர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மனைவி மாலதி பஜ்ஜி போட்டாள். எனக்கு மட்டும் ரேஷன்.

"எப்படி இறந்தார்னு கேக்க வரல அங்கிள், அது தெரியும். அப்பா குரல் எப்படி இருக்கும்? அம்மாவுக்குச் சொல்லத் தெரியல. நீங்க கதையில அவரை மாதிரியே பேசுவீங்களாமே?"

செயலாளர் சொன்னாராம். அந்த மனுஷன் வாய்க்குப் பூட்டே கிடையாது. எனக்கு மட்டும் இருக்கிறதா? தலையாட்டிவிட்டேன்.

குளியலறையில் ஒத்திகை. கதை சுலபம். மலை உச்சி போஸ்டில் முட்டை கல்லாக உறைந்துவிடும். ஜோசப் அதை அக்குளில் வைத்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்கடா, குஞ்சு பொரிக்கப் போறேன்" என்று கொக்கரிப்பான். கைதட்டல். மறுநாள் காலை பனிச்சரிவு வந்ததை நான் சொல்வதில்லை.

கதை வருகிறது. குரல்? ஒரு வருடம் சிரிப்புக்காக அவனை மூக்கால் பேசவைத்தேன். இன்னொரு வருடம் இழுவை சேர்த்தேன். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். அடியில் ஜோசப் இல்லை. அவன் இருமல் நினைவிருக்கிறது. கம்பளி நாற்றம்கூட. குரல், சுத்தமாக இல்லை.

மாலதி கதவைத் தட்டினாள். "என்னங்க, உள்ள யார்கூடப் பேசறீங்க?"

பதில் தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 26, திங்கள்

கொடி முடிச்சு அவிழவில்லை. வாட்ச்மேன் பாபு ஏணியில் நின்றபடி, "இன்னா சார், மூஞ்சி ஒரு மாரி கீது? முட்டை வேகலியா?"

கதை சொன்னேன். அதே மூக்கு, அதே இழுவை. எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிபர் முன்வரிசையில், போனில் பதிவு செய்தபடி. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அப்பா இப்படித்தான் பேசுவாரா அங்கிள்?"

"அச்சு அசல்."

"அம்மாவுக்கு அனுப்பறேன். எத்தனை வருஷம் ஆச்சு அவங்க கேட்டு!"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கே பேசுகிற வாய். லட்டு, மிக்சர். செயலாளருக்கு ரம்.

ஜனவரி 27, செவ்வாய்

மூட்டம். தண்ணீர் லாரி வரவில்லை. ஏ பிளாக் மோட்டார் ரிப்பேர். காலையில் வேலைக்குக் கிளம்பிய ஜெனிபர், கேட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள்.

"அம்மா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாங்க அங்கிள்."

"என்னம்மா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. அப்புறம், 'சார் நல்லாப் பேசறாரு. இதுல உங்கப்பா எப்போ பேசுவாரு?'ன்னு கேட்டாங்க."