மேனேஜர் சாப்பிடுகிறார்

என் மஞ்சுவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பதறுவாய். மேனேஜர் சாப்பிடுகிறார். இதை எழுதும்போது கூடத்து மூலையில் உட்கார்ந்து கரக் கரக்கென்று புல் தின்றுகொண்டிருக்கிறார். நான் டிவிகூடப் போடவில்லை. இந்தச் சத்தம் போதும் என்று இருக்கிறது.

நீ இல்லாதபோது நடந்தது என்பதால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். நம் மகள் பவித்ரா எட்டாவது படிக்கும்போது வாங்கி வந்து, அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் உன் தலையில் கட்டிய முயல்தானே இது. நாமெல்லாம் ஓடி ஓடி வேலை செய்ய, நடுவீட்டில் உட்கார்ந்து மென்றபடி மேற்பார்வை பார்க்கிறது என்று நீதான் மேனேஜர் என்று பெயர் வைத்தாய். இப்போது எட்டு வயது முடிந்துவிட்டது. முயலில் அது கிழம்.

நீ போய் மூன்றாவது மாதம் அதற்குத் தீனி குறைந்தது. கேரட்டைப் பாதியில் விட்டது. பிறகு பன், பிஸ்கட் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. புழுக்கை மிளகு அளவுக்குச் சிறுத்துப்போனது.

பக்கத்து வீட்டு ரத்னம்மா வந்து பார்த்தாள். மல்லித் தோட்டத்து வேலை முடிந்து வந்த மண் கையோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாருங்கண்ணா, வாயில்லா ஜீவனுக்கு இருக்கற பாசத்த! இத்தினி நாளு அக்காவத் தேடிப் பாத்துச்சு. இனிமே வரமாட்டாங்கன்னு தெரிஞ்சிக்கிச்சு. அதான் பட்டினி கெடக்குது."

அவ்வளவுதான், தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மேனேஜரிடம் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். ஒருவர் போட்டோகூட எடுத்துக்கொண்டு போனார். யாரும் என்னைக் குத்திப் பேசவில்லை, உண்மைதான். ஆனால் ரத்னம்மா அப்படிச் சொன்ன நேரத்தில் நான் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மஞ்சு.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நீ போன நாலாம் நாளே எனக்குப் பசித்தது. வேலைக்குத் திரும்பிய அன்று கம்பெனி கேண்டீனில் சாம்பார் சாதத்தைக் கேட்டு வாங்கித் தின்றேன். முப்பது வருடம் கூட வாழ்ந்தவனுக்குப் பசிக்கிறது, எட்டு வருடம் வளர்ந்த முயல் பட்டினி கிடக்கிறது என்றால் அது எப்படி இருக்கும்? அன்றிலிருந்து வீட்டில் பாதித் தட்டோடு எழுந்துவிடுவேன். வயிறு கத்தும். கத்தட்டும் என்று படுத்துக்கொள்வேன்.

பவித்ரா போனில் கேட்டாள்: "டாக்டர்கிட்ட காட்டினியாப்பா?"

"அதுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. அம்மாவ நெனச்சு ஏங்குது. போகணும்னு நெனச்சா போகட்டும், விட்டுடு" என்றேன் பெரிய ஞானி மாதிரி. எவ்வளவு மடத்தனம்! உனக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு உன் முயலைக் கொல்லப் பார்த்தேன்.

அது அடியோடு தின்பதை நிறுத்திய மூன்றாம் நாள் காலை ரத்னம்மா ஒரு பிடி மல்லித்தழை கொண்டுவந்தாள். வாசனை பட்டதும் மேனேஜர் மூலையிலிருந்து தத்தித் தத்தி ஓடி வந்தது. கவ்வியது, கீழே போட்டது. மறுபடி கவ்வியது, மறுபடி போட்டது. தாடையெல்லாம் எச்சில் வழிந்து நனைந்திருந்தது. சாக நினைக்கும் உயிர் இப்படியா ஓடி வரும்?

தக்காளி கிரேட்டில் உன் பழைய நைட்டியை விரித்து அதைப் படுக்கவைத்தோம். ரத்னம்மா பின்னால் உட்கார்ந்து மடியில் பிடித்துக்கொள்ள, சூளகிரியிலிருந்து ஓசூர் வரை கண்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாக முப்பதிலேயே வண்டி ஓட்டினேன். மெதுவாகப் போகச் சொல்லி நீ எத்தனை கெஞ்சியும் நான் ஓட்டாத வேகம் அது.

அங்கே கால்நடை டாக்டருக்கு நம் பவித்ராவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"பசியெல்லாம் நல்லாவே இருக்குங்க. கடவாய்ப்பல்லு கூரா வளந்து நாக்கக் கிழிக்குது. பாவம், திங்க முடியல. புல்லு என்ன குடுக்கறீங்க?"

புல்லா? நீ தினமும் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போவாயே, அது ரத்னம்மாவோடு ஊர்க்கதை பேச ஒரு சாக்கு என்றுதானே கேலி செய்துகொண்டிருந்தேன்! முயலுக்குச் சாகும்வரை பல் வளருமாம், புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயுமாம். நான் அதன் மேல் இருந்த இரக்கத்தில் மெத்து மெத்தென்று பன்னும் பிஸ்கட்டுமாகக் கொடுத்திருக்கிறேன்.

"அக்கா சொல்லுவாங்கண்ணா, புல்லு இல்லன்னா பல்லு நீளும்னு. மறந்தே போயிட்டேன்" என்றாள் ரத்னம்மா. துக்கச் செய்தியை ஊருக்கெல்லாம் சொன்னவளே அவள்தான்.

"முயல் ஒரு நாள் திங்கலன்னாலே தூக்கிட்டு ஓடி வரணும். மூணு நாளா என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"துக்கம்னு நெனச்சுட்டோங்க" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பல் வலி! வெறும் பல் வலி, மஞ்சு! வெளியே வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு முழுசாக மூச்சு வந்தது.

லேசாக மயக்கம் கொடுத்துப் பல்லை ராவிவிட்டார்கள். நான் நாலு நாள் லீவு போட்டு, தீவனத்தை வெந்நீரில் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பாதி என் சட்டையில்தான். ஐந்தாம் நாள் தானாகவே புல்லை இழுத்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பல்லைக் காட்ட வேண்டும், வயதாகிவிட்டதால் முன்பு போல வெளுத்துக்கட்டாது என்றார் டாக்டர். பரவாயில்லை, தின்கிற வரைக்கும் தின்னட்டும்.

அப்படியானால் அதற்கு உன் ஏக்கமே இல்லையா? சாயங்காலமானால் நீ படுக்கும் கட்டிலடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கூப்பிட்டாலும் வருவதில்லை. பிறகு பசித்ததும் எழுந்து வந்து தின்கிறது. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வரப்பில் எது அறுகு, எது வேண்டாத களை என்று ரத்னம்மா காட்டித் தந்துவிட்டாள். காலை ஷிப்டுக்கு முன்னால் நானே அறுத்து வருகிறேன். மேனேஜர் ஒருநாள் போகத்தான் போகும். அன்று வயதாகிப் போனது என்றுதான் ஊருக்குச் சொல்லுவேன். உன் பெயரைச் சொல்லி இந்த வீட்டில் இனி ஓர் உயிரும் பட்டினி கிடக்காது, சத்தியம். அந்தக் கணக்கில் நானும் உண்டு.

வயிறாரச் சாப்பிட்டுவிட்டு எழுதும்,
உன் வீட்டுக்காரன்
கோவிந்தன்