ஊசி நிற்காத வீடு

ஒக்டோபர் 8

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்றைக்கும் பிரஷர் கிளினிக் என்று சொல்லிவிட்டுப் பதுளைக்குப் போய், றினாஸின் பழைய சாமான் கடையில் தரையில் உட்கார்ந்து இசைத்தட்டு கிளறிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிரஷரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஏழு மாதமாக இதே பொய். என் வீட்டுக்காரர் அழகர் அதை நம்பி உப்பில்லாத கஞ்சி வைத்துத் தருகிறார். செய்த பாவத்தைத் தினமும் காலையில் ஒரு கோப்பை குடிக்கிறேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். தட்டின் நடுவில் இருக்கும் இங்கிலீசு எனக்கு வராது. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் கீறல் தெரியும், ஓரத்தை விரலால் தடவினால் வளைவு தெரியும், அவ்வளவுதான்.

"படிச்சவங்க பேரப் பார்த்து வாங்கி ஏமாறுறாங்க அக்கா. நீங்க தட்டப் பார்த்து வாங்குறீங்க" என்கிறான் றினாஸ். ஐஸ் வைக்கிறான். வைக்கட்டும்.

ஒக்டோபர் 14

பசறையில் போத்தல், பேப்பர் வாங்கும் கடை. பழைய பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவில் ஒரு பெரிய தட்டு. உறை இல்லை, கீறலும் இல்லை. படம் எடுத்து றினாஸுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷம் போன்.

"அக்கா, அத யாரிட்டயும் குடுத்துராதீங்க! கொழும்புல ஒரு ஆள் இதத் தேடித்தான் அலையிறாரு."

தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஊசி பாயாமல் ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பினால் ஐம்பதாயிரம் தருவாராம்.

பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு பக்கத்து ஆள் என் மேல் சாய்ந்தார். "ஐயா, ஒங்களுக்குச் சம்சாரம் இருக்கா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு நின்றே வந்தார், பாவம்.

ஒக்டோபர் 16

மழை. இவர் வேலைக்குப் போனதும், வீட்டில் இருக்கும் பழைய இசைத்தட்டு மெஷினில் போட்டேன். ஒரு பெண் பாடுகிறாள், கூட ஒரு வயலின் மட்டும். என்ன குரல்! இரண்டாவது பாட்டில் ஊசி வழுக்கி உள்ளே ஓடிவிட்டது. மறுபடி வைத்தேன். மறுபடி ஓடியது.

ஒக்டோபர் 17

மெஷினின் ஒரு காலுக்கு அடியில் நெருப்புப்பெட்டி அட்டையை மடித்து வைத்தேன். அழகாக ஓடியது. மூன்றாவது பாட்டில் கரண்ட் போய்விட்டது.

ஒக்டோபர் 20

ஊசி மறுபடியும் வழுக்குகிறது. அதே பக்கம். இன்னொரு அட்டை.

ஒக்டோபர் 23

மூன்றாவது அட்டை. இந்த மெஷினுக்குச் சாராயப் பழக்கம் இருக்கும் போல.

ஒக்டோபர் 24

இவருக்கு இப்போது நல்ல தச்சு வேலை. எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் கோடிக் காம்பிராவில் இருக்கும் இராக்கம்மா அக்காவின் கதவு சாத்த முடியவில்லை என்று இன்றைக்கு இழைத்துக் கொடுத்தார். போன வாரம் வீரய்யா மாமா வீட்டுக் கதவு. அதற்கு முன்னால் இன்னொன்று.

"மழைக்கு மரம் ஊதுது" என்றார்.

"மரம் மட்டுமா? ஒங்க வயித்தையும் கொஞ்சம் இழைச்சுக்குங்க" என்றேன்.

ஒக்டோபர் 27

இவர் வேலைக்குப் போனதும் மெஷினைச் சாக்கில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். நல்ல தட்டை மழையில் எடுத்துப்போக மனம் வரவில்லை, வேறொன்றைக் கொண்டுபோனேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஊசி அசையாமல் ஓடியது!

"மெஷின்ல ஒண்டும் பிழையில்ல அக்கா. ஒங்கட ஊட்டு மேசையத்தான் பார்க்கணும்" என்று றினாஸ் பழைய கொத்தன் சாமான்களுக்குள் இருந்து ஒரு ரசமட்டம் எடுத்துத் தந்தான். சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி.

ஒக்டோபர் 28

அட்டைகளை மாற்றி மாற்றி வைத்து, குமிழியை நடுவில் நிறுத்திவிட்டேன். கதவுக்கு ஒரு தச்சன், மேசைக்கு நான்.

ஒக்டோபர் 31

குமிழி நடுவில் இல்லை.

மேசையை யாரும் தொடவில்லை. இவரிடம் சும்மா கேட்பது போலக் கேட்டும் பார்த்தேன். பிறகு ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். தரையிலும் அதே பக்கம். மலைப் பக்கம் ஏறி, பள்ளப் பக்கம் இறங்கி.

அப்படியென்றால் பிழை மேசையில் இல்லையா? மெஷினிலும் இல்லையா?

நவம்பர் 2

இவரிடம் சொன்னேன், தரை சாய்கிறது என்று. நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"தலை சுத்துதா? மாத்திரை போட்டியா?"

"எனக்குச் சுத்தலங்க. வீடுதான் சாயுது."

"வீடு சாயல புள்ள. ஒனக்குப் பிரஷர் ஏறிருச்சு. படு."

ஊற்றுப் பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடம் சொன்னேன். "போன வருஷம் தோட்டத்துத் தொர வாறாருன்னு புளுகி லயத்தையே கூட்டிப் பெருக்க வச்சவதானே நீ! இப்ப லயமே ஓடப்போகுதா?" என்றார் இராக்கம்மா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே வந்து குடத்தை இறக்கிவிட்டு, ரசமட்டத்தை மறுபடியும் தரையில் வைத்துப் பார்த்தேன்.

நவம்பர் 4

மழை விட்டு இரண்டு நாள் ஆகிறது. பீலியில் தண்ணீர் இன்னும் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் வருகிறது.

நவம்பர் 5

சொல்லிட்டேன்.

வேற என்ன செய்ய? காலையில குமிழி ஓரத்துல போய் ஒட்டிக்கிட்டு நிக்குது. இவர் கஞ்சிக் கோப்பைய நீட்டுறாரு. எனக்கு அழுகை வந்துருச்சு. நான் நோயாளியா இருக்கிற வரைக்கும் என் பேச்சு ஏறாது. கிளினிக்கு போனதே இல்லைங்க, எனக்கு ஒரு நோயும் இல்லைங்க, கடை கடையா தட்டு பொறுக்கினேங்க, எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

கோப்பைய மேசையில வச்சாரு.

"எட்டு மாசமா?"

"ஆமாங்க."

"நானும் உப்பில்லாமத்தானே குடிச்சேன். நீ தனியா குடிக்க வேணாம்னு."

அடிச்சிருந்தா தேவலை.

பிறகு ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு கோடிக் காம்பிராவுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். வாசற்படியில் வைத்துப் பார்த்தார். தான் இழைத்த கதவைத் தடவினார். அது மறுபடியும் இடிக்கத் தொடங்கியிருந்தது.

"மழைக்கு ஊதினா சுத்திவர ஊதணும். இது ஒரே மூலைதான் இடிக்குது. மூணு வீட்லயும் அதே மூலை."

பிறகு ஒவ்வொரு காம்பிராவாகப் போய்ச் சொன்னார். இவர் வாழ்நாளில் பகிடி, கேலி பேசாதவர். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 6

பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டோம். அதிபர் இரண்டு வகுப்பறையைத் திறந்துவிட்டார். பன்னிரண்டு காம்பிராவில் பதினொன்று காலி. வீரய்யா மாமா மட்டும் வரவில்லை. "ஒரு குமிழிக்குப் பயந்தா வீட்ட விடுறது? நா இங்கயேதான் கெடப்பேன்" என்று கதவைச் சாத்தப் பார்த்தார். கதவு மூடவில்லை. அப்படியும் வரவில்லை.

நவம்பர் 7

மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. மதியம் குடை பிடித்துக்கொண்டு மாமாவைப் பார்க்கப் போனேன். லயத்துக்குப் பின்னால் மண்ணில் ஒரு வெடிப்பு. என் கால் பாதம் உள்ளே போகும் அகலம். முந்தாநாள் அது இல்லை. இதைச் சொன்னால் மனிதர் பிடிவாதத்துக்கு இன்னும் உட்காருவார்.

"மாமா, இராக்கம்மா அக்கா பள்ளிக்கூடத்துல கோழிக் கறி வைக்கிறாங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துருங்க."

சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அங்கே பருப்பும் பப்படமும்தான். சாப்பிடும் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். திட்டட்டும். திரும்பிப் போக முடியாதபடி மழை கொட்டியது.

நவம்பர் 8

காலை பத்து மணி இருக்கும். லொறியில் இருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம். கொட்டி முடியும் என்று பார்த்தால் முடியவே இல்லை. பள்ளிக்கூட விறாந்தையில் இருந்து பார்த்தோம். லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண். கூரைத் தகரம் ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது.

இவர் ஆட்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். எல்லோரும் இருக்கிறோம். வீரய்யா மாமா என் பக்கத்தில் வந்து நின்றார்.

நவம்பர் 10

மெஷின் மண்ணுக்குள் போய்விட்டது. தட்டு துணிப் பையில் என்னோடு வந்திருந்தது. கேள்விப்பட்டு றினாஸ் போன் எடுத்தான். "அக்கா, தட்டு இருக்கா? என்ட மெஷினக் கொண்டுவாறன். அங்கயே வீடியோ எடுப்போம்" என்றான். சொன்னபடி இரண்டு பஸ் மாறி, மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு மதியம் வந்து சேர்ந்தான்.

பையைத் திறந்தேன். தட்டு இல்லை.

இராக்கம்மா அக்கா பருப்புச் சட்டிக்கு மூடி தேடியிருக்கிறார். என் பையில் கறுப்பாக, வட்டமாக, அளவாக ஒன்று இருந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தபோது தட்டு சூட்டில் இளகிச் சட்டியின் வாய்க்குள் இறங்கி, நல்ல வாட்டமான கிண்ணமாக மாறியிருந்தது. நடுவில் துளை இருப்பதால் ஆவி போக வசதியாக இருந்தது என்றார் அக்கா.

றினாஸ் அதை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான். பருப்பு நன்றாக வெந்திருந்தது.