கிழக்குக் கரையில் கால் வைக்காதே

அன்புள்ள பிகெஷுக்கு, நலமே உண்டாகட்டும்.

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ பிறப்பதற்கு முன்பே ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட உன் பெரியப்பா எழுதுகிறேன்.

ஏரிக் கோயிலின் நெருப்பு அணைந்ததற்கு உன்மேல் பழி போட்டிருக்கிறார்களாம். உப்பு வாங்க நகரத்துக்கு வந்த ஒருவன் சொன்னான். பூசாரி கசிம்தாயின் மகன் குடித்துவிட்டு வந்து நெருப்புச் சட்டியைத் தட்டிவிட்டதைப் பார்த்தேன் என்று நீ சொன்னாயாம். அதற்குப் பூசாரி, "பொய் சொல்றவ கால ஏரி தாங்காதுடி, நடந்து காட்டு" என்றானாம். ஏரி உறைந்ததும் நீ பனிமேல், நடுத் தீவில் இருக்கும் அந்தக் கோயிலுக்கு நடக்க வேண்டும்.

கோயில் வெள்ளிக் கிண்ணத்தைப் பூசாரியின் தம்பி திருடியதைச் சொன்னதற்கு அன்று என்னையும் இப்படித்தான் நடக்கவிட்டான். கிழக்குக் கரையிலிருந்து. பாதி வழியில் பனி உடைந்தது. கயிறு போட்டு இழுத்தார்கள். சொட்டச் சொட்ட நின்றவனைப் பார்த்து, "படிச்ச பொய்யனுக்கு நீச்சலும் வரலியே" என்று ஊரே சிரித்தது. உன் அப்பன் சிரிக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

கிழக்கில் ஏரிக்கு அடியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. அங்கே பனி கறுத்து ஈரமாகவே கிடக்கும். பூசாரி வீட்டார் அந்தப் பக்கம் ஆடுகூட ஓட்ட மாட்டார்கள், கவனித்துப் பார்.

தீவுக்கு முதல் நெருப்பைக் கொண்டுபோன ஆய்தோலாவின் கதை உனக்கு மனப்பாடம். பொய் சொல்லாதவள் என்பதால் ஏரி தாங்கியது என்கிறோம். அதே கதையில், அவள் இரண்டு கரையையும் பார்த்துவிட்டு மேற்கில் கால் வைத்தாள் என்றும் வருகிறதே! கரையைத் தேர்வது நடப்பவரின் உரிமை. கேட்டால் பயந்தவன் என்பார்களே என்று நான் மானம் பார்த்தேன். நீ பார்க்காதே. எல்லோர் காதிலும் விழும்படி சொல்: "ஆய்தோலா நடந்த கரையிலதான் நடப்பேன். பூசாரி மகன் வேணும்னா கிழக்கால வரட்டும்."

துரத்தப்பட்டவன் பெயர் உள்ள தாளை வாசலிலேயே கொளுத்துவது நம் வழக்கம். என்றாவது என் பெயரைப் பெரிதாக எழுதி அவர்கள் முகத்தில் எறிய வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் காத்திருந்தேன். இப்போது பேனா பெயர் எழுதும் இடத்தில்தான் நிற்கிறது.

கையெழுத்தைப் பார்த்தால் உன் அப்பனுக்குத் தெரியும். இந்த முறையாவது அவன் வாயைத் திறக்கட்டும். நீ ஈரம் படாத காலோடு கரையேறு, மகளே.

பெயர் போடாமலே அனுப்புகிறேன்.