ஈரலை எறிந்த ஊர்

மச்சான்,

இன்று காலை பக்கத்து வளவார் தந்த விராலை என் மனுசி வெட்டினாள். குசினியிலிருந்து பித்தத்தின் அந்தக் கசப்பு வாசம் வந்ததும் கதிரையை விட்டு எழும்பி ஓடினேன். இந்தத் தொப்பையோடு நான் ஓடி அவள் கண்டதில்லை. குண்டுபோட விமானம் வருகிறதென்று நினைத்துப் பதுங்குகுழிப் பக்கம் பாய்ந்துவிட்டாள். நானோ ஈரலைப் பார்க்க ஓடினேன். உன்னிடம் தொற்றிய வியாதி.

யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தில் மீன்களைப் பற்றிப் படிப்பித்த நீ, இடம்பெயர்ந்து வந்து துணுக்காய்ப் பக்கம் எங்கள் வளவில் கொட்டில் போட்டாய். வந்த கிழமையே குளத்து விராலுக்கு ஊசி குத்தி இரத்தம் எடுத்தாய். ஊருக்கு நல்ல கதை கிடைத்தது. பாதியை நானே பரப்பினேன். ஈரல் பழுதானால் அதன் நொதியங்கள் இரத்தத்தில் கசியும், அதை வைத்துத் தண்ணீரின் நஞ்சை அறியலாம் என்றாய். ஆஸ்பத்திரியில் மஞ்சட்காமாலைக்காரரின் இரத்தம் சோதிப்பவர், உன் சீசாவை வாங்கி நோயாளியின் வயதைக் கேட்டாராம்.

முடிவு நல்லதாக இல்லை. வயலுக்குப் பூச்சிமருந்தடித்த டாங்கிகளைக் குளத்தில் கழுவவேண்டாம், அந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்று வீடுவீடாகச் சொன்னாய்.

"மருந்துதானே சேர், மருந்தாலை ஆருக்கு வருத்தம் வரும்?" என்று சிரித்தார் பக்கத்து வளவுக்காரர். "மீனும் துள்ளித் திரியுது."

"செத்த மீனெண்டால் ஊருக்கே காட்டிக்குடுக்கும். உயிரோடை திரியிறதுதான் மறைக்கும்," என்றாய் நீ.

ஊர் உன் பேச்சைக் கேட்டது, தன் பாட்டில். நஞ்சு ஈரலில்தான் இருக்கிறதாக்கும் என்று, ஈரலை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீனைச் சமைத்தார்கள். எறிந்தது குளத்துக்குள். சமைத்தது குளத்துத் தண்ணீரில். நான் வயிறு நோகச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அடுத்த மாரிக்கு முன் உன் கண்கள் மஞ்சளாகின. அதே ஆஸ்பத்திரி, அதே சோதனை. திரும்பி வந்து சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுச் சொன்னாய்:

"விராலை விட எனக்கு நொதியம் கூட, மச்சான்."

உன்னைக் கொண்டுபோனது தண்ணீரோ வேறெதுவோ, ஒருவரும் சொல்லவில்லை. உன் செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியதும் அந்தக் குளத்துத் தண்ணீரில்தான்.

இன்றைய விரால் நன்றாகக் கொழுத்திருந்தது. ஈரல் மட்டும் வெளிறிக் கிடந்தது. மீனை வளவில் குழி தோண்டித் தாட்டுவிட்டு, மனுசியின் பேச்சோடு வெறுஞ்சோறு தின்றேன். கோயில் கிணற்றிலிருந்து சைக்கிளில் தண்ணீர் சுமக்கிறேன், விசரன் என்கிறார்கள்.

விடிந்ததும் குளக்கட்டில் ஏறி நிற்கிறேன். கீழே டாங்கி கழுவுகிறார்கள். ஒரு மீனாவது செத்து மிதக்காதா என்று பார்க்கிறேன். எல்லாம் துள்ளித் திரிகின்றன.